மூன்றாம் நாள் சிரிப்பு

முத்துச்சாமிபுரம்,
புதூர் வழி.
14.9.2003

பாலகணேஷ் தம்பிக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மறுக்கின்றன. ஆடுகளை வரப்பில் விட்டது போல ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே இறங்குகிறது. 'ழ' வரும்போது கை நடுங்குகிறது. இதை எழுதி முடிக்க மூன்று பகல் ஆனது. நீயும் கொஞ்சம் பொறுமையாகப் படி.

நான் சோலைச்சாமி. கோவில்பட்டியில் உன் அப்பாவின் தீப்பெட்டி ஆபீசில் பத்தொன்பது வருடம் வாசல் காவல் இருந்தவன். இப்போது அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர் வளர்கல்வி மையத்தில் இசக்கிச்செல்வி சொல்லிக்கொடுக்கிறாள். புதியம்புத்தூரிலிருந்து வரும் சட்டைகளுக்கு வீட்டில் காஜா எடுக்கிற பெண். பேசுவது போல எழுதக்கூடாது, புத்தகத்தில் இருப்பது போல எழுத வேண்டும் என்பது அவள் சட்டம். யாராவது பேசியதைச் சொல்லும்போது மட்டும் பேசியபடியே எழுதலாமாம்.

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் கடிதத்தை எனக்கே எழுதி, புதூர் தபாலாபீசில் போட்டேன். இரண்டாம் நாள் தபால்காரர் என் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாங்கிப் படித்தேன். 'நலமா' என்று கேட்டிருந்தது. நலம் என்று பதில் எழுதிப் போட்டேன். அது இரண்டாவது.

சின்ன முதலாளி என்று எழுதத்தான் நினைத்தேன். நீளமாக இருக்கிறது. தம்பி என்றால் மூன்று எழுத்தில் முடிந்துவிடுகிறது. குறையாக எடுத்துக்கொள்ளாதே.

இனி விஷயம். நீ அனுப்பிய கேசட் வந்தது. உறைமேல் இருந்த பெரிய எழுத்தைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாகியும் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. படித்தது அத்தனையும் மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். இசக்கிச்செல்வி வீட்டுக்கு ஓடினேன். அவள் உறையைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எழுத்து இல்ல தாத்தா, உடமுள்ளு" என்றாள். பின்பக்கம் அச்சில் சின்னதாக 'கருமுகில்' என்று இருந்தது. நீ உன் பாட்டுக்கு வைத்திருக்கும் பெயராம். ஒருவன் அறுபத்தெட்டு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தால், நீ யாரும் படிக்கக்கூடாது என்று பெயரை எழுதி வைக்கிறாய். இது நியாயமா?

மற்ற அச்சையும் படித்தேன். 'கொடும்பாவி. இசை, குரல், படம் அனைத்தும் பாலகணேஷ் ஒருவரே.' ஒருவரே என்பதை மூன்று தடவை படித்தேன்.

வேல்சாமி டீக்கடையில் போட்டுக் கேட்டோம். பஞ்சு மில்லில் பெல்ட் அறுந்து, அதில் யாரோ கை மாட்டிக்கொண்டது போல ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளே, தூரத்தில், என் குரல். ஆடி மாதம் மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்தபோது நான் அழுத அழுகை. எனக்குப் பின்னால் பத்துப் பேர் அழுத அழுகை. நீ கையில் டேப்போடு இரண்டு நாள் கூடவே நடந்தாயே, அதுதான். இரண்டு பக்கமும் கேட்டோம். அழுகையிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எங்கே?

உனக்குத் தெரியாமல் இருக்கலாம். நீ இரண்டாம் நாள் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். வைக்கோலில் ஒரு பொம்பளையைக் கட்டி, காலைப் பிடித்துத் தெருத்தெருவாக இழுத்து, வீட்டில் ஒரு சாவு விழுந்தது போல இரண்டு நாள் அழுவோம். மூன்றாம் நாள் ஓடைக்கரையில் வைத்து எரிப்போம். எரிந்ததும் அழுகை நிற்க வேண்டும். அழுத ஆட்கள் தலையில் பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் ஊற்றுவார்கள். எவ்வளவு பஞ்சமானாலும் அந்தத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க மாட்டோம். அப்புறம் கொடும்பாவியை வைவோம். பாலம்மாள் வைய ஆரம்பித்தால் எரிகிற வைக்கோலுக்கே வெட்கம் வரும். அப்புறம் சிரிப்பு. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிரித்த பிறகுதான் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். இதுதான் எங்கள் ஊர் முறை.

நாங்கள் சிரித்த நாளை விட்டுவிட்டு அழுத நாளை மட்டும் நீ கொண்டுபோயிருக்கிறாய். வெளிநாட்டுக்கும் அனுப்புவதாகச் சொன்னாயே, அங்கே இருப்பவன் இதைக் கேட்டால், இந்தச் சனங்களுக்கு அழுவதைத் தவிர வேறு தெரியாது என்று நினைக்க மாட்டானா? மூன்றாம் நாளைச் சேர்த்துக் கேசட்டை முழுசாக்கிக் கொடு.

இப்படிக்கு,
சோ. சோலைச்சாமி
(கையெழுத்து. கைநாட்டு இல்லை.)


பெங்களூர்
22.9.2003

அன்புள்ள சோலைச்சாமி தாத்தா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து சீட்காரன் "லவ் லெட்டரா?" என்று கேட்டான். மூன்று வருடத்தில் ஒன்பது ஆல்பம் செய்திருக்கிறேன். அவற்றைப் பற்றி எனக்கு வந்த முதல் கடிதம் இது. அது திட்டாக இருப்பதில் கொஞ்சம் வருத்தம். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது பிளாக் மெட்டல் என்ற இசை. பனி விழும் நாடுகளில் பிறந்தது. அங்கே கிதாரை ஒரே இரைச்சலாக வாசிப்பார்கள். நின்று கேட்டால் அந்த இரைச்சல் காட்டுக்குள் வீசும் காற்றாக மாறும். எனக்குப் பனி தெரியாது. எனக்குத் தெரிந்தது சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல்காடு. நான் அதை வாசித்தேன். இந்த இசையைத் தனி ஆளாகச் செய்வது ஒரு வழக்கம், ஒரு கௌரவம். கிதார் நான். கம்ப்யூட்டரில் டிரம்ஸ் நான். கத்துவதும் நான்தான். வீட்டுக்காரருக்குக் கேட்காமல் இருக்க, துணி அலமாரிக்குள் தலையை விட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கத்துகிறேன்.

பெயர் முள்ளாக இருப்பதும் வழக்கம்தான். எல்லோரும் எளிதில் நுழையக்கூடாது என்று வேலி போடுவது போல.

உங்கள் அழுகை இதில் பின்னணி. காற்று போல. காற்றுக்கு யாரும் பெயர் போடுவதில்லை.

மூன்றாம் நாளைச் சேர்க்க முடியாது, தாத்தா. ஐம்பது நிமிடம் ஒரு இருட்டைக் கட்டி எழுப்புகிறேன். கடைசியில் சிரிப்பை வைத்தால் அவ்வளவும் கலைந்துவிடும். கோபிக்காதீர்கள்.

அன்புடன்,
பாலகணேஷ்


முத்துச்சாமிபுரம்
2.10.2003

பாலகணேஷ் தம்பிக்கு,

காற்றா நான்?

இந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். தாள் வீணாகிறதே என்று மேலே எழுதுகிறேன்.

காற்றுக்கு முட்டு வலிக்குமா? நாற்பத்தோரு வருடமாக எங்கள் ஊரில் கொடும்பாவி அழுகைக்கு முன்னால் நிற்பவன் நான். வெயிலில் இரண்டு நாள் செருப்பில்லாமல் நடந்து, மாரில் அடித்து அழுதேன். எனக்குப் பின்னால் இசக்கிதுரை அழுதான். அவன் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தவன். அவன் குரல் உன் கேசட்டில் இடது பக்கம் கேட்கிறது. அவன் எந்த ஊர்க் காற்று?

இருட்டு கலைந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். கலையட்டும். அதைக் கலைக்கத்தானே அழுதோம்.

இங்கே உன் கேசட்டால் எனக்கு என்ன ஆனது என்று கேள். போன வாரம் டீக்கடையில் வேல்சாமி சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான்.

"என்ன வே சோலைச்சாமி, ஆடியில ஆரம்பிச்ச அழுக புரட்டாசி வந்தும் நிக்கலையே. பெங்களூர்ல ஒரு பெட்டிக்குள்ள இன்னும் அழுதுக்கிட்டுல்ல இருக்கீரு!"

"அது கேசட்டு வே" என்றேன்.

"கேசட்டுன்னா என்ன? குரலு உம்ம குரலுதான? ஒருத்தன் போட்டா அழுதீரு, இன்னொருத்தன் போட்டா திரும்ப அழுதீரு. நிப்பாட்டாத அழுகைக்கு மழ எப்படி வே வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அதையே சொன்னார்கள், சிரிப்பில்லாமல். விதைக் கம்பு மூட்டையிலேயே கிடக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. உன் பெயர் மட்டும் கருமுகில். ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில், கோயில் நிர்வாகம் பார்க்கும் சுந்தரபாண்டியன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். "அடுத்த தடவ அழுகைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுவோம்." எல்லாரும் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாளைச் சேர். கெஞ்சிக் கேட்கவில்லை. எடுத்ததை முழுசாக எடு என்கிறேன்.

சோ. சோலைச்சாமி


பெங்களூர்
10.10.2003

சோலைச்சாமி தாத்தா,

நூறே நூறு கேசட். அதில் எழுபது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதனால்தான் புதூர் வட்டாரத்தில் மழை பெய்யவில்லை என்றால், நான் பெரிய ஆள்தான்.

எனக்கும் கோபம் வரும், தாத்தா. அப்பா என் பாட்டைச் 'சங்கு' என்கிறார். "சங்கு ஊதி முடிச்சாச்சா, சாப்பிட வாலே" என்று பத்து வருடமாகக் கேட்டாயிற்று. இங்கே நண்பர்கள் ஹெட்போனை இரண்டு நிமிடம் மாட்டிவிட்டுத் தலைவலி என்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் அந்த இரைச்சலுக்குள் நுழைந்து, இடது பக்கம் யார் அழுகிறார்கள் என்பது வரை கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு கேட்டவர், இதை மாற்று என்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லீவு முடிந்துவிட்டது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னது பொய். இன்னும் நான்கு நாள் லீவு இருந்தது. எனக்கு வேண்டிய சத்தம் கிடைத்துவிட்டது. அதனால் கிளம்பிவிட்டேன். ஆகவே மூன்றாம் நாள் என்னிடம் இல்லை. இல்லாததை எப்படிச் சேர்ப்பது?

தீபாவளிக்குக் கோவில்பட்டி வருகிறேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களை வந்து பார்க்கிறேன். மாற்றுவதற்காக அல்ல, பேசுவதற்காக.

பாலகணேஷ்


முத்துச்சாமிபுரம்
20.10.2003

பாலகணேஷ் தம்பிக்கு,

மழை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது, ஞாயிறு வரை விடவில்லை. வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. தாளில் நனைந்திருக்கும் இடம் மழைதான். அழுகை என்று நினைத்து இதையும் டேப்பில் பிடித்துவிடாதே.

ஆகவே உன் கேசட் காரணமில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். எழுதத் தெரிந்த பிறகு பொய் எழுதக்கூடாது என்று வைத்திருக்கிறேன். டீக்கடையிலும் சொன்னேன். வேல்சாமி, "சரி வே, ஒரு டீயக் குடியும்" என்றான். சுந்தரபாண்டியன் சொன்னதை மட்டும் ஒருவரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மழைக்காகத்தான் உன்னோடு சண்டை பிடிக்கிறேன் என்று நானும் நினைத்திருந்தேன். மழை பெய்த பிறகும் கோபம் போகவில்லை. அப்படியானால் அது மழைக்காக இல்லை.

வேண்டிய சத்தம் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன் என்று எழுதினாய். அந்த வரியை இசக்கிச்செல்விக்குக்கூட நான் காட்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. பாதிச் சாவில் எழுந்து போகிறவனை எங்கள் ஊரில் வைய மாட்டார்கள். அடுத்த சாவுக்குச் சொல்லிவிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

வருவதாக இருந்தால் வா. ஆனால் இது விதைப்பு நேரம். உனக்காக நின்று சிரிக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. இன்னொன்று. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வா. ஈரக் கரிசலில் வண்டி போகாது. செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்.

சோ. சோலைச்சாமி


பெங்களூர்
3.11.2003

சோலைச்சாமி தாத்தா,

நீங்கள் எல்லோரும் எனக்குச் செய்தது கொஞ்சமும் நியாயமில்லை.

வண்டியை ரோட்டில் நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தீர்கள், உண்மைதான். இருநூறு அடிதானே என்று நினைத்தது என் தப்பு. ஆனால் விழுந்தவனை முதலில் தூக்க வேண்டும். அப்பாவின் வண்டி அச்சு வரை புதைந்து நிற்கிறது. ஒரு காலை உருவினால் ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. இன்னொரு காலை உருவுவதற்குள் முகம் குப்புற விழுந்தேன். எழுந்தால் தலை முதல் கால் வரை சேறு. நாற்பது பேர் விதைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறீர்கள். ஒரு கை நீளவில்லை. பாலம்மாள் அக்கா வரப்பில் நின்று போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி, இங்கன ஓடி வாங்கட்டி! ஆடியில எரிச்ச கொடும்பாவி திரும்ப எந்திரிச்சு வந்துட்டா!"

அப்புறம் அந்தச் சிரிப்பு. வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு குடம் என் தலையில் ஊற்றினீர்களே, அது கழுவுவதற்கா, கேலிக்கா? முதல் குடத்திலேயே முகம் தெளிந்துவிட்டது. "எத்தன தெருவுல இழுத்தோம், இன்னும் புத்தி வரலையாட்டி ஒனக்கு" என்று என்னைப் பார்த்தே வைகிறார்கள். என் வாழ்க்கையிலேயே என்னை யாரும் அப்படிப் பார்த்துச் சிரித்ததில்லை. முதலாளி மகன் என்று யாரும் சிரித்ததில்லை போலிருக்கிறது.

பேச வந்தவன் ஒன்றும் பேசாமல், உங்கள் வேட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வேட்டியைத் தபாலில் அனுப்புகிறேன்.

இங்கே வந்து பையைத் திறந்தால், உள்ளே இருந்த டேப் கடைசி வரை ஓடி நின்றிருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கும்போது பையை உங்களிடம்தான் கொடுத்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கியது யார்?

அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

பாலகணேஷ்


முத்துச்சாமிபுரம்
12.11.2003

பாலகணேஷ் தம்பிக்கு,

அமுக்கியது நான்தான். நீ ஆடியில் இரண்டு நாள் அதை அமுக்கி அமுக்கி எடுத்ததைப் பக்கத்தில் நடந்தபடி பார்த்திருக்கிறேன். சிவப்பு ஓடும், கறுப்பு நிற்கும். என்னைக் கேட்காமல் என் அழுகையை எடுத்தாய். உன்னைக் கேட்காமல் எங்கள் சிரிப்பை எடுத்துக் கொடுத்தேன். இதில் யாருக்கு யார் மேல் கோபம்?

ஆனால் ஒன்று. நீ விழுவாய் என்று நினைத்து அமுக்கவில்லை. நாம் இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பிடித்து வைக்கலாம் என்றுதான் அமுக்கினேன். விழுந்தது நீயாக விழுந்தாய். பொய் எழுதக்கூடாது.

குடம் ஊற்றியது கழுவவா, கேலிக்கா என்று கேட்டாய். நாங்களும் அன்றைக்கு யோசிக்கவில்லை. பாலம்மாள் கொடும்பாவி என்றதும் கை தானாகக் குடத்துக்குப் போய்விட்டது. ஒருவர் ஊற்றினால் எல்லோரும் ஊற்றியாக வேண்டும். அதுதான் முறை. நீ போன பிறகு சுந்தரபாண்டியன் சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பெரியய்யா, நீரு சொன்ன மூணாம் நாளு இப்பத்தான் முடிஞ்சிருக்கு. அடுத்த தடவையும் நீரே முன்னால நில்லும்" என்றான்.

அடுத்த தடவை வராமலே இருக்கட்டும் என்றேன்.

கேட்க மாட்டேன் என்று எழுதாதே. இரண்டு நாள் அழுகையைக் கேட்டவன் இதையும் கேட்க வேண்டும். ஒருவரே என்று நீ எழுதிய இடத்துக்காக, ஒரு தனித் தாளில் பெயர்களை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அழுதவர்கள் பதினோரு பேர். சிரித்தவர்களில் பாலம்மாளையும் சொர்ணத்தாயையும் மட்டும் எழுதினேன். அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை. இந்த ஒரு தாள் நான்கு நாள் வேலை. கசக்கிவிடாதே.

வேட்டி வந்து சேர்ந்தது. இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறாய். வயலுக்குக் கட்டிக்கொண்டு போக மனம் வரவில்லை.

சோ. சோலைச்சாமி


பெங்களூர்
19.1.2004

அன்புள்ள தாத்தா,

இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னியுங்கள். டிசம்பரில்தான் அந்த டேப்பைப் போட்டேன். ஏழு தடவை கேட்டேன். முதல் மூன்று தடவை அவமானமாக இருந்தது. நான்காவது தடவை நானே சிரித்துவிட்டேன், அலமாரிக்குள் தலையை விடாமல்.

'கொடும்பாவி'யை மறுபடி வெளியிட்டிருக்கிறேன். கடைசிப் பாட்டின் இரைச்சல் நின்றதும், ஈர மண்ணிலிருந்து கால் உருவுகிற சத்தம். அப்புறம் பாலம்மாள் அக்கா. அப்புறம் எல்லோரும். நான்கு நிமிடம். அதன்மேல் ஒரு கிதார்கூட நான் வைக்கவில்லை. இருட்டு கலைந்துவிட்டதா என்று கேட்பீர்கள். கலைந்துவிட்டது. எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

இதற்குள் இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. பனி நாட்டிலிருந்து ஒருவன் எழுதியிருக்கிறான். "இருபது வருடமாக இந்த இசையைக் கேட்கிறேன். கடைசியில் வரும் அந்தப் பெண்ணின் சிரிப்பைப் போலப் பயங்கரமான சத்தத்தை எங்கும் கேட்டதில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன்" என்கிறான்.

கேசட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். உறையைப் படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
பாலகணேஷ்


முத்துச்சாமிபுரம்
1.2.2004

பாலகணேஷ் தம்பிக்கு,

உறையைப் படித்தேன். டீக்கடையில் எல்லாரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

என் தாளை அப்படியே அச்சடித்திருக்கிறாய். எழுத்து ஏறுகிறது, இறங்குகிறது. சோலைச்சாமி மேட்டில் நிற்கிறான், இசக்கிதுரை பள்ளத்தில் நிற்கிறான். ஒழுங்காகத் தட்டச்சில் போட்டிருக்கக்கூடாதா என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் இசக்கிதுரை உறையை வாங்கி, தன் பெயர் எது என்று காட்டச் சொன்னான். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தவன் வெகுநேரம் எடுக்கவில்லை. நாளை முதல் மையத்துக்கு வருகிறானாம். மேலே உன் உடைமுள்ளை மட்டும் இன்னும் வெட்டவில்லை. அது இருக்கட்டும், வேலிக்கு ஆகும்.

பெயர்களுக்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். 'கிதார், டிரம்ஸ், கத்தியது, விழுந்தது: பாலகணேஷ்.' இது நியாயம்.

ஆனால் அந்தப் பனி நாட்டுக்காரன் விஷயத்தை நான் விடப்போவதில்லை. பாலம்மாள் சிரித்தால் அவன் கதவைத் தாழ்ப்பாள் போடுவானா? அவள் சிரித்தால் இங்கே உலை வைப்பார்கள். அவளிடம் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எந்தப் பய அவன்? அவன் வெலாசத்த வாங்கும். நானே நேர்ல போயி அவன் வாசல்ல நின்னு சிரிச்சிட்டு வாரேன்."

அவள் போக முடியாது. கம்பு அறுப்பு இருக்கிறது. ஆகவே நான்தான் எழுத வேண்டும். மூன்றாம் நாள் என்றால் என்ன என்று அவனுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். விலாசத்தை உடனே அனுப்பு. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று பதில் போடாதே. எனக்கும் போன வருடம் வரை தெரியாது. அடுத்த வாரம் அவனுக்கு ஒன்று, உனக்கு ஒன்று எழுதுவேன்.

சோ. சோலைச்சாமி